பெட்டிக்குள் ஒரு காகம்

ஆன்ட்வெர்ப்பில் மழை.
ஹார்ப்சிகார்டின் மூடியைத் தூக்கி
ஊன்றுகோல் கொடுத்து நிறுத்தியிருக்கிறேன்.
ஒலிப்பலகையில் ட்யூலிப் பூக்கள், ஒரு இறால்,
அழைக்காமல் வந்து உட்கார்ந்த அந்துப்பூச்சி.
வரைந்தவள் பெயர் எங்கும் இல்லை.
அன்று அவளுக்குப் பசித்திருக்கலாம்.

ஒவ்வொரு கட்டையின் மறுமுனையிலும்
நிமிர்ந்து நிற்கும் ஒரு மரத்தண்டு.
அதன் கன்னத்தில்
காக்கை இறகின் காம்பு, நகக்கண் அளவு.
கட்டையை அழுத்தினால்
இறகு எழுந்து கம்பியைச் சுண்டும்.
அவ்வளவுதான்.
குத்தினாலும் அதே சத்தம்
வருடினாலும் அதே சத்தம்.
கோபக்காரனுக்கும் குழந்தைக்கும்
ஒரே கூலி தரும் பெட்டி.

இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முதலில் ஆடினார்கள்.
விருந்து முடிந்து மேசையைச் சுவரோரம் தள்ளி
ஒரே மெட்டைப் பன்னிரண்டு விதமாய்
மடித்தார்கள், பிரித்தார்கள், உதறினார்கள்.
காலுக்குத் தாளம் கிடைத்தால் போதும்,
யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

பிறகு பாரிஸில்
ஒடில் வார்செ என்றொருத்தி
கணவனைப் புதைத்துத் திரும்பிய இரவில்
தாளக்கோடு போடாமல் எழுதினாள்.
வெறும் வெள்ளை வட்டங்கள்.
மேலே நீண்ட வளைவுகள்,
ஈரத்துணியின் கனத்தில் தொய்ந்த கொடிபோல.
எதை எவ்வளவு நேரம் பிடிப்பது?
சொல்லவே இல்லை அவள்.
விரல் தயங்கும் இடத்தில்
துக்கம் தானே வந்து உட்காரட்டும் என்று
விட்டுவிட்டாள்.

அங்கேதான் பெட்டிக்குப் பேச்சு வந்தது
என்பது என் கணக்கு.
உரக்கச் சொல்ல வராததைப்
பிந்திச் சொல்லலாம்.

அடிப்பலகையின் உட்புறம் ஒட்டிய சீட்டு ஒன்று:
"அகலப்படுத்தினேன். பதினாறு கட்டைகள் சேர்த்தேன்.
பாதிப் பணம்தான் வந்தது. கியோம் தெவார், 1762."
அவன் ரம்பம்
இறாலின் வாலைக் கொண்டுபோயிருக்கிறது.

புது இடம், புதுப் பேராசை.
இடக்கை வலக்கையைத் தாண்டிக் குதித்து
அதன் வீட்டில் திருடிவிட்டுத் திரும்பியது.
பொடிப்பொடியாய் நடுக்கங்கள், சுழிப்புகள்.
சுண்டிய நொடியிலேயே சாகத் தொடங்கும் சுரத்தை
முதுகில் தட்டித் தட்டி
விழித்திருக்க வைத்தார்கள்.

அப்புறம் சுத்தியல் வந்தது.
தோல் போர்த்திய குட்டிச் சுத்தியல்கள்:
தொட்டால் தொட்ட அளவு, ஓங்கினால் ஓங்கிய அளவு.
விரலின் கோபம் அப்படியே அறைக்குள் விழுந்தது.
யாருக்குத்தான் பிடிக்காது?
கியோமின் மகளே
இதை விற்று அதை வாங்கினாள்.

நூறு வருடம் ஒரு ரொட்டிக்கடையில் கிடந்தது.
மூடிமேல் மாவு பிசைந்தார்கள்.
உறைபனி மிகுந்த ஒரு ஜனவரியில்
கால்களை மட்டும் எரித்தார்கள்.
கட்டைகளின் இடுக்கில்
இன்னும் மாவு உதிர்கிறது,
பிரஷ்ஷால் தட்டித் தட்டி எனக்குத் தும்மல்.

திரும்பத் தேடி வந்தவர்களும்
இதை நம்பவில்லை.
இரும்புச் சட்டம் பூட்டினார்கள், பெடல் வைத்தார்கள்,
பியானோ வீட்டுப் பிள்ளையாய் வளர்த்தார்கள்.
மூச்சுத் திணறியது.
போன மார்ச்சில் அந்த இரும்பை நான் கழற்றினேன்.
பதினொரு கிலோ.
கழற்றிய இரவு, யாரும் தொடாமலே
மரம் ஒருமுறை முனகியது.

வாசிக்கப்போகிற ஃப்ளோரிஸுக்கு
இறகு வேண்டாமாம். உடையும், ஈரத்தில் மாறும்.
பிளாஸ்டிக் போதும் என்றார்.
நியாயம்தான்.
அறுபது தண்டுகளுக்குப் பிளாஸ்டிக் வெட்டினேன்.
ஒன்றுக்கு மட்டும்
ஸ்கெல்ட் ஆற்றுப் படித்துறையில் கிடந்த
காக்கை இறகு.
கரைய மட்டுமே தெரிந்த பறவை,
நானூறு வருடம் இந்தக் கண்டத்தைப்
பாடவைத்திருக்கிறது.

நேற்று தொலைபேசினார் ஃப்ளோரிஸ்.
"ஒரு சுரம் மட்டும்
கொஞ்சம் பிந்தி வருகிறதே, பழுதா?
ஆனால் ஒன்று, அந்த இடத்தில்
சபையில் யாரும் இருமவில்லை."

நாளை வந்து பார்க்கிறேன் என்றேன்.
போகவில்லை.